ஆட்டக்காரரும் ஆசானும்

கூடைப்பந்தாட்டத்தை ஆக்கித் தந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், உடற்பயிற்சி மண்டபத்தின் மேல்மாடத்தில் பழக்கூடைகள் இரண்டைப் பொருத்தி, 13 விதிகளையும் வகுத்து அவர் இவ்விளையாட்டைத் தொடக்கி வைத்தார். அவ்விதிகளில் நடுவருக்கு இடமுண்டு, பயிற்றுநருக்கு இடமில்லை. பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற ஃபொக் அலன், தாம் பயிற்றுநராகப் போவதாகக் கூறியபொழுது, இது ஆடுவதற்குரியதேயன்றிப் பயிற்றுவிப்பதற்குரியதன்று என அவர் நகைத்தார் என்றொரு செய்தி வழங்கி வருகின்றது.

அலன் கேட்கவில்லை. பல்லாண்டுகள் கன்சாஸில் பயிற்றுநராக இருந்து பெரும் புகழ் ஈட்டினார். 1955இல் அவர் அப்பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்த இளைஞர் ஒருவர் ஏழடிக்கு மேல் உயரமுடையவர். வில்ட் சேம்பர்லின் என்பது அவர் பெயர். எனினும் அடுத்த ஆண்டே ஓய்வு பெற நேர்ந்தமையால், அவரை முதன்மை அணியில் ஆடச் செய்யும் பேறு அலனுக்குக் கிட்டவில்லை.

நேயர்களே, பயிற்றுநர் ஒருவரால் ஆவதென்ன என்று கேட்போருக்கு இந்தச் சேம்பர்லினின் வாழ்க்கையே விடை கூறும். 1959 முதல் 1973 வரை தொழில்முறை ஆட்டத்தில் விளங்கிய அவர், ஒருவர் பின் ஒருவராகப் பல பயிற்றுநர்களின் கீழ் ஆடினார். அவருடைய பெரும் போட்டியாளரான பில் ரஸ்ஸலுக்கோ முதற் பத்துப் பருவங்களும் ஒரே பயிற்றுநர்தாம்: பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக். ரஸ்ஸலின் அணி 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியது. சேம்பர்லினோ இருமுறையே வாகை கண்டார். திறமையின் ஏற்றத்தாழ்வு மாத்திரம் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை.

அவர்பாக்கின் ஆட்ட முறைகள் மிகச் சில. அவற்றை எதிரணியினரும் அறிந்திருந்தனர். அவர் கற்றுத் தேர்ந்தது மனிதரை. எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டார். அணியைக் கடிந்துகொள்ள வேண்டின், தாங்கிக்கொள்ளும் இயல்புடைய தொம் ஹைன்சன் மீது பாய்வார்; மானமிக்க ரஸ்ஸலைப் பிறர் முன்னிலையிற் குறை கூறார். ரஸ்ஸல் எத்தனை புள்ளி எடுத்தார் என்று எண்ணவுமில்லை. எதிரியின் எறிதலைத் தடுத்தலும், கூடையிற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றி உடனே முன்னோக்கி அனுப்புதலுமே ரஸ்ஸலின் பணி என விட்டுவிட்டார். வெற்றி உறுதியானதும், ஆட்டம் முடியுமுன்னரே சுருட்டைப் பற்றவைப்பது அவர் வழக்கம். தோற்கும் அணியினருக்கு அது எத்துணை எரிச்சலாக இருந்திருக்கும்!

சேம்பர்லினின் பயிற்றுநர்களுள் பிராங் மக்குவயர் வேறு கணக்குப் போட்டார். இவர் எத்துணை மிகுதியாக எறிகிறாரோ அத்துணை நன்று என்றார். 1961-62 பருவத்தில் சேம்பர்லினின் சராசரி ஆட்டமொன்றுக்கு 50.4 புள்ளிகள், 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100. ஆயினும் அவ்வாண்டும் பொஸ்டன் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளிகளால் தோற்றனர். பின்னர் பிலடெல்பியாவில் அலெக்ஸ் ஹனம் அவரைத் தோழர்களுக்குப் பந்து வழங்குமாறு இணங்கச் செய்தார். 1966-67இல் சராசரி 24.1 ஆகக் குறைந்தது. அணியோ 68 ஆட்டங்களில் வென்று, செல்டிக்ஸின் எட்டாண்டு ஆட்சியை முறித்து வாகை சூடியது.

அதற்கு முந்திய ஆண்டு, 1966இல், அவர்பாக் பயிற்றுநர் பதவியிலிருந்து விலகி அப்பொறுப்பை ரஸ்ஸலிடமே ஒப்படைத்திருந்தார். அந்தப் போட்டித் தொடரில் தலைமைப் பயிற்றுநரான முதற் கறுப்பினத்தவர் ரஸ்ஸலே. அவர் ஆடியபடியே அணியை நடத்தினார்.

1969ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியும் செல்டிக்ஸ் அணியும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மோதின. சேம்பர்லின் அப்பொழுது லேக்கர்ஸ் அணியில். வெற்றி விழாவுக்கென மண்டபத்தின் கூரையிலே பலூன்களைக் கூடக் கட்டிவைத்திருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், முழங்காலில் அடிபட்டுச் சேம்பர்லின் வெளியேறினார். அவருக்குப் பதிலாக மெல் கவுன்ட்ஸ் இறங்கினார். பின்தங்கியிருந்த லேக்கர்ஸ் நெருங்கி நெருங்கி ஒரு புள்ளி வேறுபாட்டுக்கு வந்துவிட்டது. தாம் மீண்டும் இறங்க ஆயத்தம் எனச் சேம்பர்லின் கேட்டார். அவரோடு முன்னரே பிணக்குற்றிருந்த பயிற்றுநர் வான் பிரெடா கொல்ஃப், அவரின்றியே நன்றாக ஆடுகிறோம் என்னும் பொருள்பட மறுத்துவிட்டார். 108க்கு 106 என செல்டிக்ஸ் வென்றது. பலூன்கள் கூரையிலேயே கிடந்தன.

அக்கணத்தின் நிலையை மட்டும் நோக்கின் அம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. அணி முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் பருவம் முழுதும் ஓர் ஆட்டக்காரரோடு சொல்லாடிப் பகை வளர்த்த ஒருவர், கடைசி நிமிடங்களில் அவர் சொல்லை எவ்வாறு நடுநிலையோடு எடைபோட முடியும்? வான் பிரெடா கொல்ஃப் விரைவில் அணியை விட்டு நீங்கினார். ரஸ்ஸல் அவ்வெற்றியோடு ஆட்டத்திலிருந்தே ஓய்ந்தார்.

1971இல் லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்றுநராக வந்த பில் ஷார்மன், பத்தாண்டுகள் அவர்பாக்கின் கீழ் ஆடியவர். ஆட்ட நாள்களிற் காலையிலும் மண்டபத்துக்கு வந்து எறிந்து பழகவேண்டும் என்பது அவர் புகுத்திய வழக்கம். இரவில் விழித்துப் பகலில் உறங்கும் சேம்பர்லின் இதற்கு உடன்படார் என்றே பலரும் எண்ணினர். ஷார்மன் அவரிடம் கட்டளையிடவில்லை, பணிவாகக் கேட்டார். ரஸ்ஸல் செய்த பணியையே செய்யுமாறும் வேண்டினார். சேம்பர்லின் இணங்கினார். அப்பருவத்தில் அவருடைய சராசரி 14.8 புள்ளிகளே. லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது; 1972இல் வாகையும் சூடியது. களத்தின் ஓரத்தில் நின்று ஓயாது உரத்துக் கூவியதால், அவ்வாண்டிலேயே ஷார்மனின் குரல் மீளாதபடி கெட்டுப்போயிற்று.