கூரைப் பரப்புக்கோலச் சீரமைவு: கணினி வரைவில் ஒரு வரலாறு

ஓட்டுக் கூரையைக் காட்டும் கட்டட வரைபடத்தில், சரிவின் மேல் சம இடைவெளியில் கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் ஓர் ஓட்டு வரிசையைக் குறிக்கும். இவ்வாறு ஒரு பரப்பு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் கோட்டமைப்பு பரப்புக்கோலம் எனப்படும். அக்கோடுகள் கூரையின் கீழ் விளிம்பு, முகடு, மூலை ஆகியவற்றோடு பொருந்தி நிற்கும்படி செய்வது சீரமைவு ஆகும். இன்றைய மென்பொருள்களில் இது சில சொடுக்குகளில் முடிந்துவிடும். ஆனால் வரைதாளைச் சார்ந்திருந்த கோலம் கட்டடத்தைச் சார்ந்ததாக மாறப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கைவரைவுக் காலம்

கணினிக்கு முன், வரைவாளர் டி வடிவ மட்டக்கோலையும் மூலைமட்டங்களையும் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே வரைந்தார். கோலம் அச்சிடப்பட்ட ஒட்டுத்தாள்களை வெட்டி வரைபடத்தில் ஒட்டும் வழக்கமும் இருந்தது. கையால் வரைபவர் கீழ் விளிம்பிலிருந்து எண்ணத் தொடங்கினால் கோடுகள் ஓட்டு வரிசைகளோடு பொருந்தின. ஒட்டுத்தாளில் அது இயலாது. அதன் கோடுகள் 'இது ஓடு' என்று மட்டுமே சொல்லின; எத்தனை வரிசை, எங்கே தொடக்கம் என்பதைச் சொல்லவில்லை.

ஸ்கெட்ச்பேட்

1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலை உருவாக்கினார். டிஎக்ஸ்-2 என்னும் கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைய அது இடம் தந்தது. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று அறுகோணக் கோலம். ஓர் அறுகோணத்தை வரைந்து, அதன் நகல்களை மூலையோடு மூலை பொருத்திப் பரப்பை நிரப்ப முடிந்தது. மூல வடிவத்தை மாற்றினால் நகல்கள் அனைத்தும் மாறின. கோடுகளுக்கு இடையேயான உறவைக் கணினியே நினைவில் வைத்துக் காக்கலாம் என்பதை இந்நிரல் காட்டியது. பிற்காலச் சீரமைவுக் கருவிகளின் அடிப்படைக் கருத்து இதுவே.

ஆட்டோகேட்டும் தொடக்கப் புள்ளியும்

1982இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டது. தனிமேசைக் கணினியில் இயங்கியதால் அது சிறிய அலுவலகங்களையும் எட்டியது. மூடிய எல்லைக்குள் கோலத்தை நிரப்பும் அதன் வசதி 'ஹேட்ச்' எனப்பட்டது. ஒவ்வொரு கோலமும் ஓர் உரைக்கோப்பில் எண்களாக எழுதப்பட்டது: கோட்டின் சாய்வு, தொடக்கப் புள்ளி, அடுத்த கோட்டுக்கான இடைவெளி, கோடு விட்டுவிட்டு வந்தால் அதன் அளவுகள்.

சிக்கல் தொடக்கப் புள்ளியில் இருந்தது. கோலம் பொதுவாக வரைபடத்தின் சுழிப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டது. கூரையின் விளிம்பிலிருந்து அன்று. ஆகவே முதல் வரிசையே பாதி ஓடாக வெட்டுப்பட்டுத் தோன்றும். பயனர்கள் வேறொரு தேவைக்காக அமைந்த 'ஸ்னாப்' அடிப்புள்ளியை நகர்த்தி இதைச் சரிசெய்துவந்தனர். ஆட்டோகேட் 2006 பதிப்பில்தான் ஹேட்ச் கோலத்துக்கெனத் தனித் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் வசதி வந்தது.

சரிவு தரும் சிக்கல்

தளத்துக்கும் கூரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தளம் மட்டமானது, கூரை சாய்ந்தது. ஓட்டு வரிசைகளுக்கு இடையே சரிவின் வழியே 300 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். சாய்வு 30 பாகை எனில், மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அந்த இடைவெளி ஏறத்தாழ 260 மி.மீ. ஆகக் குறுகும். 45 பாகை எனில் 212 மி.மீ. ஆகும். தட்டையான ஹேட்ச் இந்தக் குறுக்கத்தைத் தானாக அறியாது. வரைபவர் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

இரு சரிவுகள் சந்திக்கும் மூலையில் இன்னொரு கேள்வி எழுகிறது. 30 பாகைச் சரிவில் ஒரு வரிசைக்கு 150 மி.மீ. உயரம் கூடும், 45 பாகைச் சரிவில் 212 மி.மீ. கூடும். இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கினாலும், அதே இடைவெளியில் சென்றால் வரிசைகள் மூலையில் ஒன்றையொன்று தொடா. ஒரு வரிசைக்குக் கூடும் உயரமும் தொடக்க மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே எல்லா வரிசைகளும் அங்கே சேரும். இது வடிவியல் விதி. மென்பொருளால் இதை மாற்ற முடியாது.

கோலம் கட்டடத்தைச் சேர்ந்தபோது

1997இல் லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்ரைஸ் ஆகியோர் தொடங்கிய நிறுவனம், 2000ஆம் ஆண்டில் ரெவிட் மென்பொருளை வெளியிட்டது. 2002இல் ஆட்டோடெஸ்க் அதை விலைக்கு வாங்கியது. ரெவிட்டில் கூரை என்பது கோடுகளின் தொகுப்பு அன்று; தடிமனும் சாய்வும் கொண்ட முப்பரிமாணப் பொருள்.

ரெவிட் கோலங்களை இரண்டாகப் பிரித்தது. வரைவுக்கோலம் தாளைச் சார்ந்தது. வரைபடத்தின் அளவுவிகிதம் மாறினாலும் தாளில் அதன் இடைவெளி மாறாது. மாதிரிக்கோலம் கட்டடத்தைச் சார்ந்தது, 300 மி.மீ. என்றால் எந்தப் படத்திலும் அது கூரையின் மெய்யான 300 மி.மீ. தான். சாய்வால் வரும் குறுக்கத்தை மென்பொருளே காட்டும். மாதிரிக்கோலத்தின் கோட்டைத் தேர்ந்து நகர்த்தலாம், சுழற்றலாம். சீரமைவுக் கருவியால் முதலில் கூரை விளிம்பையும் பிறகு கோலக் கோட்டையும் சொடுக்கினால், கோலம் முழுவதும் நகர்ந்து விளிம்போடு சேரும். ஒவ்வொரு சரிவையும் தனித்தனியே இவ்வாறு பொருத்த வேண்டும்.

கோட்டுக்கோலம் வேறு, வண்ணப் படத்தில் தோன்றும் ஓட்டின் உருவம் வேறு. வளைபரப்பின் மேல் படத்தைப் போர்த்தும் முறையை 1974இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வில் எட்வின் கேட்மல் விளக்கினார். இரண்டும் தனித்தனி வழியில் வளர்ந்தவை. ஆகவே கோடுகளைச் சரிசெய்தாலும் வண்ணப் படத்தில் ஓடுகள் விலகி நிற்கக்கூடும். அவற்றையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

கூரையில் தெரியும் பயன்

சீரமைவு வெறும் அழகுக்கானது அன்று. 4,000 மி.மீ. நீளச் சரிவில் 300 மி.மீ. வீதம் 13 வரிசைகள் போட்டால் 100 மி.மீ. எஞ்சும். முகட்டருகே அந்தத் துண்டுக்காக ஓடுகளை வெட்ட நேரும். ஓட்டின் மேற்படிவு இடம்கொடுத்தால், இடைவெளியை ஏறத்தாழ 286 மி.மீ. ஆக்கி 14 முழு வரிசைகளாகப் பிரிக்கலாம். கோலம் விளிம்போடு சரியாகப் பொருந்திய வரைபடத்தில் இந்த 100 மி.மீ. துண்டு உடனே கண்ணில் படும். பொருந்தாத வரைபடத்தில் அது மறைந்துவிடும். ரீப்பர் அடித்து ஓடு வேயத் தொடங்கிய பிறகே தெரியவரும். அப்போது அடித்த ரீப்பரைப் பிடுங்கவும் வாங்கிய ஓட்டை வெட்டவும் நேரும். அந்த இழப்பைத் தாளிலேயே தவிர்க்க உதவுவதால்தான் இந்தச் சிறு கருவி கட்டட வரைவின் வரலாற்றில் இடம்பெறுகிறது.