செங்கடலுக்கு ஒரு கம்பளிப் பட்டை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் பி அண்ட் ஓ கம்பெனியின் கப்பலேறி இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒருவரின் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் படுவது கம்பளிதான். ஃபிளானல் சட்டை, ஃபிளானல் உள்ளாடை, வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ‘காலரா பெல்ட்’ என்ற கம்பளிப் பட்டை, இரவு விருந்துக்குக் கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய சட்டை. வழியிலோ செங்கடல். அறைக்குள் படுக்க முடியாமல் பயணிகள் மேல்தளத்தில் மெத்தை விரித்துத் தூங்கிய கடல் அது. இதை அந்தக் காலத்து அறியாமை என்று தள்ளிவிடலாம். ஆனால் அப்படித் தள்ளினால் ஒரு முக்கியமான செய்தி கண்ணில் படாமல் போகும். வெப்பக் கடல்களில் பயணம் போனவர்களின் பெட்டியில் எது இருக்க வேண்டும் என்பதை வெயில் தீர்மானித்தது குறைவு. கப்பலில் கிடைத்த வசதி, நோய் குறித்த பயம், உடன் பயணிக்கிறவர் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்ற கவலை, இந்த மூன்றும்தான் பெட்டியை நிரப்பின.

முதல் காரணத்தில் நியாயம் இருந்தது. சூயஸ் கால்வாய்க்கு முன்பு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த பாய்மரக் கப்பல்களில் பயணம் நான்கு, ஐந்து மாதம் இழுக்கும். பயணி வாடகைக்கு எடுத்தது பெரும்பாலும் வெற்று அறையைத்தான். கட்டில், மேசை, நாற்காலி, கைகழுவும் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. குடிநீர் அளந்து தரப்பட்ட கப்பலில் துணி துவைக்க நல்ல தண்ணீர் ஏது? கடல்நீரில் அலசிய துணி விறைத்து உடம்பை உறுத்தும். ஆகவே டஜன் கணக்கில் சட்டைகளை அடுக்கிக்கொண்டு போய், அழுக்கானவற்றை மூட்டையாகக் கட்டிவைத்து, கரையிறங்கிய பின் சலவைக்குப் போட்டார்கள். இன்று படிக்கும்போது ஆடம்பரமாகத் தோன்றும் அந்த எண்ணிக்கை, உண்மையில் தண்ணீர்ப் பஞ்சத்தின் கணக்கு.

1869 நவம்பரில் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களில் பயணம் வாரக் கணக்கில் அடங்கியது. அறையில் கட்டிலும் தொட்டியும் கப்பல் கம்பெனியே வைத்தது. தேவைதான் பெட்டியை நிரப்பியிருந்தால், இப்போது அது பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. மாறாக, பெட்டிகளை வகை பிரிக்க ஒரு முறை வந்தது. கட்டிலுக்கு அடியில் நுழையும் உயரத்தில் தட்டையாகச் செய்த கேபின் டிரங்கு ஒன்று. வழியில் தேவைப்படும் என்று சீட்டு ஒட்டி, குறித்த நாட்களில் மட்டும் திறக்கும் சாமான் அறைக்கு அனுப்பியது ஒன்று. வழியில் தேவைப்படாது என்ற சீட்டோடு அடித்தளத்துக்கு இறங்கியது மூன்றாவது. பாரிஸில் லூயி வுய்ட்டன் 1858இலேயே தட்டை மூடியுடன் பெட்டி செய்யத் தொடங்கியிருந்தார். அதற்கு முந்தைய வளைந்த மூடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. அடுக்க வசதி வந்ததும் பெட்டிகளின் எண்ணிக்கை குறைய வேண்டிய அவசியமும் போயிற்று.

பயத்துக்கு வருவோம். வயிற்றில் குளிர் தாக்கினால் காலரா வரும் என்று நம்பினார்கள்; அதற்குத்தான் அந்தப் பட்டை. தலையில் விழும் வெயில் மூளையையே தாக்கும் என்று நம்பினார்கள். அதற்கு சோலா தொப்பி. நம் குளங்களில் வளரும் நெட்டியின் வெண்மையான உட்பகுதியில் செய்யப்பட்ட தொப்பி அது. தஞ்சாவூரில் கோயில் கோபுர மாதிரிகளை நுணுக்கமாகச் செதுக்கிச் செய்கிறார்களே, அதே நெட்டி. கால்வாயின் வட வாயிலான போர்ட் சையதில் கப்பல் நின்றதும் சைமன் ஆர்ட்ஸ் கடைக்குப் போய் இதை வாங்குவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே இருந்தது. 1880களில் குஸ்டாவ் யேகர் என்ற ஜெர்மானியரின் கொள்கை இங்கிலாந்தில் பரவியது: உடம்பில் படுவதெல்லாம் விலங்கின் ரோமமாக இருப்பதே ஆரோக்கியம். அவர் பெயரில் 1884இல் லண்டனில் கடையே திறந்தார்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அந்த உடையை அணிந்து திரிந்தார்.

அன்றைய மருத்துவம் சொன்னதைத்தானே அவர்கள் கேட்டார்கள், இதில் அந்தஸ்து எங்கே வந்தது என்று கேட்கலாம். கம்பளி வியர்வையை உறிஞ்சும், இரவில் காற்று மாறும்போது உடம்பைக் காக்கும் என்ற வாதத்தை நானும் ஒதுக்கவில்லை. குளிர்காலத்தில் புறப்பட்டு பிஸ்கே வளைகுடாவைக் கடப்பவருக்குக் கனமான கோட்டு வேண்டும் என்பதும் சரி. ஆனால் நேர்மாறான சான்று கப்பலிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. தளத்தில் வேலை செய்த, லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் பருத்தியில், வெறுங்காலோடு, நெட்டித் தொப்பி இல்லாமல் அதே செங்கடலை ஆண்டுக்குப் பலமுறை கடந்தார்கள். அவர்கள் உடம்பு வேறு வகை என்று சொல்லித்தான் இந்தச் சான்று ஒதுக்கப்பட்டது. அதற்கும் பதில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் இந்தத் தொப்பி இல்லாமலேதான் காலம் தள்ளினார்கள். அது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, ஆள்பவர் ஆளப்படுபவரிடமிருந்து விலகி நிற்கத் தொடங்கிய காலத்தில். காலரா தண்ணீரில் வருகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் கிருமியையே அடையாளம் காட்டினார். பட்டை அதற்குப் பிறகும் பெட்டியில் நீடித்தது. ஆதாரம் போன பின்னும் ஒரு பொருள் நிற்கிறதென்றால் அதைத் தாங்குவது மருத்துவம் இல்லை. நம்மவர் இப்படித்தான் போவார்கள் என்ற வழக்கம்.

எதிர்த்திசையில் போனவர்களும் இதற்கு விலக்கல்ல. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து ‘கிளைடு’ கப்பலில் புறப்பட்ட காந்தி, வழி முழுக்கக் கறுப்பு உடை அணிந்தார். நண்பர்கள் செய்து கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தினார். வெப்பக் கடலில் கறுப்பு, குளிரத் தொடங்கிய இங்கிலாந்தில் வெள்ளை! இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடையில் அவர் ஒருவர்தான். பெட்டிகளும் சாவிகளும் ஏஜென்டிடம் போய்விட்டதால் உடனே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்தக் கூச்சத்தை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எந்த உடையை எப்போது உடுத்துவது என்று அவர் முடிவெடுத்தபோது நினைத்தது காற்றையும் வெயிலையும் அல்ல, பார்க்கப் போகிற கண்களை.

இந்தக் கவலை இல்லாமல் மூட்டை கட்டியவர்கள் யார்? சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’வில் போன தமிழர்களைச் சொல்லலாம். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஆயிரக்கணக்கான டெக் பயணிகளை ஏற்றியது. பாய், போர்வை, ஒரு தகரப் பெட்டி, சாப்பாட்டுச் சாமான், வேட்டி, சேலை. அது வறுமையின் சுருக்கம், அறிவின் சுருக்கமல்ல என்று மறுக்கலாம்; பாதி உண்மைதான். இன்னும் இரண்டு சட்டை வாங்கப் பணமிருந்தால் வாங்கியிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கடலுக்கு மெல்லிய பருத்தி போதும் என்பது அவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

உல்லாசத்துக்கென்றே கப்பலேறும் வழக்கம் வந்தபோதாவது பெட்டி வெயிலுக்கு இணங்கியதா? 1867இல் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’யில் மார்க் ட்வைனுடன் மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியவர்களுக்கு, குடையும் பச்சைக் கண்ணாடியும் சிரியாவில் சவாரி செய்யச் சேணமும் எடுத்து வரும்படி யோசனை சொல்லப்பட்டது. வெயிலுக்கான பொருள்கள் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் 1891 ஜனவரியில் ஜெர்மானியக் கப்பல் கம்பெனி நிர்வாகி ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் வேலையில்லாமல் நின்ற ‘ஆகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியதிலிருந்து, உல்லாசக் கப்பல் மிதக்கும் ஹோட்டலாக வளர்ந்தது. விருந்துக் கூடம் பெரிதானது. மாலை உடைக்குப் பெட்டியில் ஒதுக்கிய இடமும் சேர்ந்து பெரிதானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் சோலா தொப்பியைக் கைவிடத் தொடங்கியது. சிப்பாய்கள் அது இல்லாமலே நடமாடினார்கள், யாருக்கும் மூளை கலங்கவில்லை. மருத்துவப் பயத்தில் பிறந்த பொருள்கள் இப்படி ஒவ்வொன்றாகப் பெட்டியை விட்டு இறங்கின. விருந்துக் கோட்டு மட்டும் இறங்கவில்லை. 1961இல் ஓடத் தொடங்கிய ‘கான்பெரா’ போன்ற கப்பல்களில் முழுவதும் குளிர்சாதனம் வந்தது. கோட்டைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லாமல் கப்பலின் காற்று குளிர்ந்தது. 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் குறித்த மேசை, குறித்த நேரம், கட்டாய மாலை உடை ஆகியவற்றைத் தளர்த்திய பிறகுதான் பல கரீபியப் பயணிகள் அந்தக் கோட்டை வீட்டிலேயே விட்டுப் புறப்பட முடிந்தது. முறையான உடைக்கென்று இரவுகளை ஒதுக்கும் கப்பல் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் சீட்டு வாங்குகிறவர்கள் போகும் கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் கோட்டை மடித்து வைக்கத்தான் செய்கிறார்கள்.