புகைக்குச் சாட்சி சொல்லும் கார்

உப்பு வணிகரான உமணர்கள் நெடுவழி செல்லும்போது, வண்டியின் அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றால் அறிகிறோம். எந்த மேட்டில் அச்சு முறியும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்று வழியில்லை. இன்று மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் கார்களுள் பல, தம் கோளாற்றைத் தாமே கண்டறிந்து சொல்லக் கூடியவை. டேஷ்போர்டில் என்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுதான் அந்த அறிவிப்பு.

இந்த விளக்கு எப்படி வந்தது? புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் இதை எப்படியாவது அணைத்துவிட்டால் போதுமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது.

கண்ணெரிச்சலில் தொடங்கிய கதை

1943 ஜூலை மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலமாதலால், ஜப்பானியர் விஷவாயு வீசிவிட்டார்களோ என்று கூடச் சிலர் அஞ்சினர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர், 1950களின் தொடக்கத்தில் உண்மையை வெளிப்படுத்தினார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். 1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியத்தை அமைத்தபோது, அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

1975ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. பின்னர் வந்த மும்முனை வினையூக்கி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் ஆக்சிஜனேற்றம் செய்யவேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் வேண்டும். எதிரெதிரான இவ்விரு வேலைகளும் ஒருங்கே நடக்க, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகாமல் இருக்கவேண்டும்.

அதைக் காவல் காக்க 1976இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணர்கருவி பொருத்தப்பட்டது. இது ஒரு ஜிர்கோனியப் பீங்கான். இதன் ஒருபுறம் வெளிக்காற்று. மறுபுறம் என்ஜின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட். இதைப் படித்துப் பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு சிறு கணிப்பொறி தேவைப்பட்டது. ஆக, காருக்குள் கணிப்பொறி குடியேறியதில் புகைக்குப் பெரும் பங்கு உண்டு எனலாம்.

அக்கணிப்பொறி உணர்கருவிகளைத்தான் எந்நேரமும் கவனிக்கிறதே. கோளாறு கண்டால் குறித்துவைத்தால் என்ன? 1988ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியா இதைக் கட்டாயமாக்கியது. ஓ.பி.டி. எனப்படும் தன்சோதனை முறை இதுதான். 1996இல் அமெரிக்கா முழுவதும் இரண்டாம் தலைமுறை ஓ.பி.டி. வந்தது. எல்லா நிறுவனத்துக் கார்களுக்கும் ஒரேவகைப் 16 முனைக் கனெக்டர். ஒரே குறியீட்டு முறை. உதாரணமாக, பி0420 என்றால் வினையூக்கியின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள்.

நினைவு அழிந்தால் கோளாறு அழியுமா?

பேட்டரி ஒயரைக் கழற்றினால் பெரும்பாலும் குறியீடு அழிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். ஸ்கேனர் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் அப்படியே. அந்த நிலையில் காரைச் சோதனைக்குக் கொண்டுபோனால் ஏமாற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வடிவமைத்தவர்களுக்கும் அது தோன்றியது. எனவேதான் 'தயார்நிலைப் பதிவு' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள்.

கணிப்பொறி தன் சோதனைகளை இருவகையாகச் செய்கிறது. சிலவற்றை ஓயாமல் செய்கிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமற் போனால், அக்கணம் என்ஜினின் சுழற்சி சற்றே தளரும். பற்சக்கரத்தின் வேகத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறது. வேறு சிலவற்றை உரிய சூழ்நிலை வாய்த்தால்தான் செய்யமுடியும். ஆக்சிஜன் உணர்கருவி 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேற வேண்டும். வினையூக்கியைச் சோதிக்க, அதன் பின்னால் இரண்டாவது உணர்கருவி இருக்கிறது. முன்னுள்ளது ஏறி இறங்குவது போலவே பின்னுள்ளதும் ஏறி இறங்கினால், வினையூக்கி ஆக்சிஜனைத் தேக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்று பொருள். இதற்குக் கார் நன்கு சூடாகிச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடவேண்டும்.

நினைவு அழிந்ததும் இப்பதிவுகள் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. விளக்கு எரியாவிட்டாலும், கார் இன்னும் தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை என்பது சோதனை அதிகாரிக்குத் தெரிந்துவிடும். 1996 முதல் 2000 வரையான மாடல்களில் இரண்டு பதிவுகளும், 2001 முதலான மாடல்களில் ஒன்றும் முடியாதிருந்தால் மன்னிக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001இல் வரையறுத்தது. 2010ஆம் ஆண்டு மாடல்கள் முதல் படிப்படியாக, ஸ்கேனரால் அழிக்கவே முடியாத நிரந்தரக் குறியீடும் அங்கே வந்துவிட்டது. கோளாறு நீங்கியதைக் காரே உறுதி செய்தால்தான் அது மறையும்.

நம் நாட்டில்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் வந்தன. பெட்ரோல் கார் சும்மா ஓடும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது தொடக்ககால வரம்பு. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. ஈயம் வினையூக்கிக்கு நஞ்சு. ஆதலால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000 பிப்ரவரியில் அது நாடு முழுவதும் பரவியது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் நிலை 4 விதிகளும் முதல்நிலை ஓ.பி.டி.யும் நடைமுறைக்கு வந்தன. 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலை ஓ.பி.டி. வந்தது. 2017இல் நிலை 4 நாடெங்கும் விரிந்தது. 2020இல் நிலை 6 வந்தது. புகைச் சான்றிதழ் இல்லாமல் காப்பீட்டைப் புதுப்பிக்கக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

சான்றிதழுக்காக நம் சோதனை நிலையத்தில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு குழலைச் செருகிப் புகையை அளக்கிறார்கள். நிலை 4 பெட்ரோல் கார் சும்மா ஓடுகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கு என்பவை வரம்பு. இது நின்ற இடத்தில் ஓடும் என்ஜினின் சில நிமிடக் கணக்கு. சாலையில் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைப்பது மஞ்சள் விளக்கின் பின்னுள்ள கணிப்பொறியே.

உப்புக்காற்றும் பழைய காரும்

மரக்காணம் போன்ற இடங்களில் பழைய காருக்குத் தனியொரு தொல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். கனெக்டரில் படியும் உப்புப் படலம் இப்படி ஈரமாகி, உலோகத்தை அரித்து, மின்தடையை உண்டாக்குகிறது. 12 வோல்ட்டில் எரியும் முகப்பு விளக்குக்கு 0.2 வோல்ட் இழப்பு ஒரு பொருட்டல்ல. ஆனால் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் பேசும் உணர்கருவிக்கு அது பெரும் பிழை. எனவே விளக்கு எரிந்ததும் விலையுயர்ந்த உணர்கருவியை மாற்ற விரையாமல், முதலில் கனெக்டர்களையும் எர்த் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு முன் என்ன செய்யலாம்? அழிப்பதற்கு முன் குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். கோளாற்றைச் சரிசெய்த பின்னரே அழியுங்கள். பிறகு சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டுங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய பயணமும், சீரான வேகத்தில் நெடுஞ்சாலைப் பயணமும் அவற்றில் இருக்கட்டும். மெக்கானிக்கிடம் தயார்நிலைப் பதிவுகள் முடிந்தனவா என்று ஸ்கேனரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2010க்கு முந்திய கார்களில் இப்பதிவுகள் இல்லாமலும் இருக்கலாம். அவற்றுக்குப் பிளக், காற்று வடிகட்டி, சைலன்சர் குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பதே வழி.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஒருநாளும் காத்திருக்கவேண்டாம். பற்றாத பெட்ரோல் வினையூக்கிக்குள் போய் எரிந்து, அதன் பீங்கானையே உருக்கிவிடக்கூடும். அதை மாற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கனெக்டரைத் துடைக்கவும் பிளக்கை மாற்றவும் ஆகும் செலவு மிகச் சிறிது.