பஞ்சாயத்திலிருந்து சமரச மையம் வரை: செல்லூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மதுரையில் வைகையின் வடகரையில் அமைந்த செல்லூர், நெசவுத்தொழிலால் அறியப்பட்ட பகுதியாகும். நூல் கடன், கூலிப் பாக்கி, பொதுச்சுவர், பாகப்பிரிவினை ஆகியவை பற்றிய வழக்குகள் இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளுக்கு இயல்பானவை. வழக்காடும் இருவரும் தீர்ப்புக்குப் பின்னரும் ஒரே தெருவில் வாழ வேண்டியவர்கள். ஆதலால் நீதிமன்றத்திற்கு வெளியே காணும் தீர்வு இங்குத் தனி மதிப்புப் பெறுகிறது. இன்றைய சமரச முறையைப் பழைய பஞ்சாயத்தின் தொடர்ச்சியாகக் கருதும் போக்கு உண்டு. அக்கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சாயத்தின் இயல்பு

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. நான்காம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவரைக் கிராம முன்சீப்பாக்கியது. ஐந்தாம் ஒழுங்குவிதி கிராமப் பஞ்சாயத்திற்கு உரிமையியல் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் அளித்தது. இரண்டிலும் முடிவுரைத்தவர் மூன்றாம் மனிதரே. சட்ட ஏற்பு இல்லாத கட்டப்பஞ்சாயத்தில் இக்கூறு சாதி, பண ஆதிக்கத்தோடு கூடி வற்புறுத்தலாயிற்று. ஆறுமுகம் சேர்வை வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்தை முற்றிலும் சட்டவிரோதம் எனக் கண்டித்தது.

சமரச மையமும் வழக்கறிஞரும்

1999இல் திருத்தப்பட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்குகளைச் சமரசத்திற்கு அனுப்ப அது வழிவகுத்தது. அச்சட்டத் திருத்தங்களைச் சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர்த்து வழக்காடியது; உச்ச நீதிமன்றம் அவற்றின் செல்லுபடியை ஏற்றது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தியாவின் முதல் நீதிமன்றம் சார்ந்த சமரச மையம் தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியதில் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் பங்கு பெரிது.

இங்குச் சமரசராக அமரும் பயிற்சி பெற்ற வழக்கறிஞர் எவருக்காகவும் வாதிடுவதில்லை, தீர்ப்பும் உரைப்பதில்லை. இரு தரப்பினரிடமும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசி, அவர்களே உடன்பாட்டை உருவாக்கத் துணைபுரிகிறார். பேசப்பட்டவை வெளியிடப்படுவதில்லை. உடன்பாடு எட்டப்படாவிடில் வழக்கு நீதிமன்றத்திற்கே திரும்பும். தரப்பினர் தாமாகவே வெளியில் இணங்கி வழக்கை முடித்தாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் எனத் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது.

முடிவுரை

ஆகவே, பஞ்சாயத்திற்கும் சமரசத்திற்கும் உள்ள வேறுபாடு இடத்தைப் பற்றியதன்று. முடிவெடுப்பவர் யார் என்பதைப் பற்றியது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இதனைத் தெளிவாக்குகிறது. முறையான சமரச உடன்பாட்டிற்கு அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையான வலிமை தருகிறது. ஒரு வட்டாரத்து மக்களின் அமைதியைப் பாதிக்கும் பூசல்களுக்கு மூவர் அடங்கிய சமூகச் சமரசக் குழுவையும் அது ஏற்கிறது. ஆனால் அதற்கு இரு தரப்பின் முன்னிசைவு வேண்டும். அங்கு எட்டப்படும் உடன்பாட்டைத் தீர்ப்பாணையாக நிறைவேற்றவும் இயலாது. செல்லூர் போன்ற பகுதிகளில் பூசல் மீண்டும் தெருவிலேயே தீர்க்கப்படலாம். எனினும், தெருவின் வலியவர் எளியவரைப் பணியவைக்கும் கருவியாகச் சட்டம் அமையாது. மறுத்து எழுந்து செல்லும் உரிமை எளியவருக்கு உள்ளவரையே அது சமரசமாகும்.