நரைமுடியும் சாயமும்

முடியின் வேர்ப்பகுதியில் மெலனின் என்னும் நிறமி உருவாவது குறைவதால் நரை தோன்றுகிறது. இது பெரும்பாலும் வயதின் இயல்பே. மருதாணி, அவுரி ஆகியவற்றால் நரையை மறைக்கும் வழக்கம் பழமையானது. அதைப் பரவலாக்கியது 20ஆம் நூற்றாண்டின் வேதியியல்.

1907இல் பிரெஞ்சு வேதியியலாளர் இயூஜீன் ஷுவெல்லர் செயற்கை முடிச்சாயம் ஒன்றை உருவாக்கினார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியால் ஆனது. 1956இல் அமெரிக்காவின் கிளேரால் நிறுவனம், பெண்கள் வீட்டிலேயே எளிதாகப் பூசிக்கொள்ளும் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூசியிருப்பது பிறருக்குத் தெரியாது என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். நரையை மட்டுமல்ல, சாயத்தையும் மறைக்க வேண்டும் என்றானது.

2020இல் கொரோனா பெருந்தொற்றால் அழகு நிலையங்கள் மூடப்பட்டபோது, பெண்கள் பலர் சாயமிடுவதை நிறுத்தினர். கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் முதன்மைச் செய்தி வாசிப்பாளராக இருந்த லிசா லாஃபிளாம் அவர்களுள் ஒருவர். 2022இல், 58 வயதில், அவரது ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. இது வணிக முடிவு என்றது நிறுவனம். எனினும் வயதும் பாலினமும் நரையும் காரணமா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. அவருக்கு முன் அதே பொறுப்பில் இருந்த லாயிட் ராபர்ட்சன் 2011இல் ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 77.