முறை வைத்து வந்த உபதேசிமார்

1910-க்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. ராஜபாளையமும் அதற்குள்தான். சிவகாசி, சாத்தூர் எல்லாம் அந்த ஜில்லாவின் வடகோடி. ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது இந்த ஊர்கள் அதற்குக் கைமாறின. 1985-இல் மறுபடி பிரிந்து, இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனெரிகளின் கடிதங்களில் ‘வட திருநெல்வேலி’ என்று வந்தால், அது இந்தக் கரிசல் பூமிதான்.

அந்த நூற்றாண்டின் நடுவில் ஜில்லாவின் தென்பாதி வேறு மாதிரி இருந்தது. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், டோனாவூர் என்று தேரி மணலிலும் பனங்காட்டிலும் கிறிஸ்தவக் கிராமங்கள் எழும்பிவிட்டன. கோயில் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, விதவைகளுக்கு நிதி உண்டு. பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் 1820-இல் ஊன்றியது அப்படிப் பரவியிருந்தது. வடபாதியிலோ ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்து ஊர்களுக்கெல்லாம் ஒரு மிஷனெரி வந்து போவதே அபூர்வம்.

காரணம் அலட்சியம் இல்லை. சபை பெருகப் பெருக மிஷனெரியின் காலில் கயிறு விழுந்தது. அவர்தான் பள்ளிக்கூடத்துக்கு மேலாளர், கோயில் கட்டுகிற கொத்தனாருக்குக் கூலி கொடுப்பவர், ஊர்ச் சபைகளைக் கவனிக்கிற தமிழ் உபதேசிமாருக்குச் சம்பளம் போடுபவர், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேசுபவர். பங்களாவைச் சுற்றியே பொழுது போய்விடும். புது ஊருக்கு எப்போது போவது?

இதைக் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே கண்டுகொண்டவர் ஒருவர் இருந்தார். பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். ஜிப்ரால்டரில் 1815-இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, லிவர்பூலில் வளர்ந்தவர். 1841-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அதற்குப் பிறகு ஒரு கல்லூரி ஃபெலோவாக ஆயுள் முழுக்கச் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவர் சர்ச் மிஷனரி சொசைட்டியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வந்த இடத்தில் கிடைத்த வேலை செயலாளர் வேலை. கடிதம் வாங்குவது, கடிதம் எழுதுவது, பணம் பிரித்து அனுப்புவது. தெற்கே பயணம் போய்ப் பார்த்து, அறிக்கை எழுதுவது.

அந்தப் பயணங்களில்தான் யோசனை பிறந்தது. ஒரு பங்களா, ஒரு கோயில், ஒரு காம்பவுண்டு என்று நிலைகொள்ளாத ஊழியம் ஒன்று வேண்டும். வீடு கட்டக் கூடாது, கூடாரம் போதும். குடும்பப் பாரம் இல்லாதவர்கள் வர வேண்டும். செலவு குறைவாக, சாமான் குறைவாக, ஒரே ஊரில் தங்காமல் வடபாதி முழுக்க ஊர் ஊராகப் போக வேண்டும். இதைச் சொன்னவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. நுரையீரல் ஏற்கெனவே பழுது. பிறரை அனுப்பிவிட்டுத் தான் சென்னை மேசையில் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தன்னையே முதல் ஆளாக எழுதிக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இவர்மேல் மதிப்பு அதிகம்.

கூட வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள், இருவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள்: டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ். ஃபென்னின் தகப்பனார் ஜோசப் ஃபென் கோட்டயத்தில் ஊழியம் செய்தவர். ஆகவே பிள்ளைக்குத் தென்னிந்தியா வீட்டுப் பேச்சிலேயே அறிமுகம். 1854-இல் சிவகாசி வட்டாரத்தில் கூடாரம் இறங்கியது. ‘வட திருநெல்வேலி சுற்றூழியம்’ என்று பெயர் பெற்றது அப்போதுதான்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும்? கருக்கலில் எழுந்து ஜெபம். வெயில் ஏறுமுன் பக்கத்து ஊர்களுக்கு ஆளுக்கொரு திசையாகப் புறப்படுவார்கள். கூட ஒரு தமிழ் உபதேசியார். சாவடியிலோ மரத்தடியிலோ நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு. உச்சிக்குள் கூடாரத்துக்குத் திரும்பி, துணிக் கூரைக்குக் கீழே புழுங்கிக்கொண்டு தமிழ்ப் படிப்பு. வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஊருக்குள். சுற்றுவட்டாரம் முடிந்தால் கூடாரத்தைச் சுருட்டி மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு அடுத்த இடம். கரிசல் காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் பாடு தெரியும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மாட்டுக் கால் உள்ளே போகும். ஐப்பசி மழை விழுந்துவிட்டாலோ களிமண் சக்கரத்தோடு ஏறிக்கொண்டு வரும், ஆரக்கால் தெரியாது. கூடாரம் போட மேடான இடம் வேண்டும், நிழல் வேண்டும், பக்கத்தில் கிணறு வேண்டும். யார் கிணறு, யார் மொண்டு ஊற்றுவது என்பது அந்தக் காலத்தில் தண்ணீரைவிடப் பெரிய கேள்வி.

பாஷையும் ஒன்றல்ல. கடைவீதியில் தமிழ், ஆனால் ராஜபாளையத்து ராஜூக்கள் வீட்டிலும், சுற்றியுள்ள நாயக்கமார், கம்மவார் வீடுகளிலும் அடுப்படிப் பேச்சு தெலுங்கு. கஷ்டப்பட்டுத் தமிழ் படித்துக்கொண்டு வந்தவர் திண்ணை வரைதான் போக முடியும். அதிலும் திண்ணையில் இருப்பது ஆண்கள். ராக்லண்டின் திட்டத்தில் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணமாகாத ஆண்களை மட்டும் வைத்து நடத்திய ஊழியம், ஊரில் பாதிப் பேரோடு பேசவே வழியில்லாமல் தொடங்கியது. கூடாரத்தின் எளிமையைப் பற்றி அவ்வளவு யோசித்தவர் இதை யோசித்திருக்கலாம்.

இதே சமயத்தில் சென்னையில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. மார்மன்கள் என்று உலகம் அழைக்கிற, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார் 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் ஒரு மாநாடு கூட்டி, இந்தியாவுக்கு ஊழியர்களைப் பெயர் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் மூவரும் கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். மடியில் பணம் இல்லாமல் போக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பாலன்டைன் லேசான ஆள் இல்லை; சால்ட் லேக்கில் தன் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849-இல் தன் வீட்டிலேயே தொடங்கியவர். ஆனாலும் சென்னையில் ஒன்றும் நிலைக்கவில்லை. பேச்சு ஆங்கிலத்தில், கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்களை ஒட்டி வாழ்ந்தவர்களும். அதே 1852 மாநாட்டில்தான் பலதார மணத்தை அவர்கள் வெளிப்படையாக அறிவித்திருந்தார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. உடம்பு முடியாமல் பாலன்டைன் 1854-இல் கப்பலேறினார். சிவகாசிப் பக்கம் ராக்லண்டின் கூடாரம் இறங்கிய வருஷமும் அதுதான்.

இரண்டு முயற்சியும் நினைவூட்டுவது ஒரே நற்செய்தி அத்தியாயம்: இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக, பையும் பணமும் இல்லாமல் அனுப்பியது. ஒன்று ஏன் தங்கியது, மற்றது ஏன் கரைந்தது? ராக்லண்டின் படிப்பும் பக்தியும் காரணம் என்று சொல்லுவார்கள். அவருடைய கல்லூரித் தோழர் பெரௌன் 1861-இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் பின்னாளில் எழுதிய புத்தகமும் அவரைத்தான் நடுவில் வைக்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடாரத்துக்குள் இருந்த தமிழர்கள்தான் காரணம்.

சுற்றூழியத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. தெற்கே இருக்கிற சபைகளிலிருந்து உபதேசிமார் வடக்கே வருவார்கள். நிரந்தரமாக இல்லை, ஒரு மாதம். மாதம் முடிந்தால் தங்கள் ஊருக்குத் திரும்புவார்கள், அடுத்த செட் வரும். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல ஆளுக்கு முறை வைத்தார்கள். செலவு அனுப்பிய சபைகளுடையது. லண்டன் பணம் இல்லை.

அந்தச் சபைகளில் இருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பனையேறிகள், கூலிக்காரர்கள், சின்ன வியாபாரிகள். பதநீர்க் காலத்தில் விடியுமுன் மரம் ஏறி, அந்தியில் மறுபடி ஏறி, கருப்பட்டி காய்ச்சி விற்றுப் பிழைத்தவர்கள். தங்களுக்கே ஓரிரு தலைமுறையாகத்தான் இந்த மார்க்கம். அவர்கள் போட்ட காணிக்கையில் ஓர் உபதேசியார் தெற்கிலிருந்து நடந்தோ வண்டி பிடித்தோ சிவகாசிச் சீமைக்குப் போய், தெரியாத ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். வந்து சபையில் சொல்லுவார். அடுத்த தடவை வேறொருவர். இப்படிப் போய் வந்தவர்கள் வாயால்தான் கரிசல்காட்டுக்காரர்களைப் பற்றித் தேரிக்காட்டுக்காரர்கள் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள்.

ஊழியம் என்பது ஆயுள் வேலை, சம்பள வேலை, வெள்ளைக்காரர் தருகிற வேலை என்று இருந்ததை இது மாற்றியது. உள்ளூர் உபதேசியார், குறிப்பிட்ட காலம், தன் ஊர்ச் செலவில் போகலாம் என்றாயிற்று. கூடாரத்தைவிட இந்தத் தவணை முறைதான் புதிது.

இன்றைய மார்மன் இளைஞரின் ஊழியமும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். பதினெட்டு வயசுப் பையன் இரண்டு வருஷம் போவான். பெண்பிள்ளை பதினெட்டு மாதம். செலவை அவர்களோ குடும்பமோ சேமித்துக் கட்ட வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்து வேதம் படித்து, சட்டையில் கறுப்புப் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். துணையாளை விட்டுத் தனியாக எங்கும் போகக் கூடாது. அந்தத் துணையாளையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். துணி துவைக்க, காய்கறி வாங்க, முடி வெட்ட வாரத்தில் ஒரு நாள். 2019 வரை வீட்டுக்குப் போன் பேசுவதுகூட வருஷத்தில் இரண்டு நாள்தான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். பத்தொன்பது வயசில் இப்படி இருப்பது சாமானியம் இல்லை. கதவைத் திறப்பவர்களைவிட மூடுபவர்கள்தான் அதிகம் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டு, மறுநாளும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவதற்கு ஒரு திடம் வேண்டும். அவர்கள் உபதேசத்தோடு எனக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு பேச்சு.

அந்தச் சபை இந்தியாவில் தரித்ததும் இங்கத்தியவர்கள் கைக்கு வந்த பிறகுதான். 1993-இல் பெங்களூரில் தனி மிஷன் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் பஞ்சாபில் பிறந்த குர்சரண் சிங் கில். இந்தியப் பிள்ளைகள் இந்திய ஊர்களில் இரண்டு வருஷம் தெரு நடக்கிறார்கள். 1853-இல் பாலன்டைனுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: கேட்பவனின் பாஷையில், கேட்பவனின் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு துணை.

ராக்லண்ட் அதிக நாள் இருக்கவில்லை. 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். வயது 43. நாலரை வருஷத்து ஊழியம். அவர் கண்ணெதிரே பெரிய கூட்டம் ஒன்றும் சேரவில்லை. ஃபென்னும் மெடோஸும் விடாமல் நடத்தினார்கள். காலப்போக்கில் கூடாரம் சுருங்கி, சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் பள்ளியும் கோயிலும் வீடுகளுமாக ஒரு நிலையம் எழுந்தது. எதை வேண்டாம் என்று புறப்பட்டாரோ அதுவே வந்து சேர்ந்தது என்று இதைச் சிலர் வருத்தமாகச் சொல்லலாம். பிள்ளைகள் படிக்க ஓர் இடம் வேண்டும். நகர்கிற கூடாரத்தில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எழுத்துக் கற்றது சுவர் வைத்துக் கட்டிய அந்த இடங்களில்தான்.

தவணை முறை நின்றுபோகவில்லை. வேறு உருவம் எடுத்தது. தங்கள் ஆளைத் தங்கள் செலவில் வெளியே அனுப்பிப் பழகிய திருநெல்வேலிச் சபைகள் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கின. முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊழியர்கள் போனது தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகம் இந்தியருடையது. அதே தோர்ணக்கல்லுக்கு 1912-இல் அசரியா பிஷப் ஆனார்; ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுவே முதல் தடவை.

ராக்லண்டைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. முறை வைத்து வடக்கே போன உபதேசிமாரைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். தென் திருநெல்வேலியில் நூற்றைம்பது வருஷம் கடந்த சபைகள் பல உண்டு. அவற்றின் பழைய காணிக்கைக் கணக்குகளும் சபைப் பதிவேடுகளும் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றனவோ, செல் அரிப்பதற்குள் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து யார் போனார், எத்தனை அணா அவர் கையில் கொடுத்தார்கள் என்று வரிவரியாக எடுத்து எழுத வேண்டும். சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் ராஜபாளையத்துக் கல்லூரிகளிலும் நிறைய இருக்கிறார்கள்.