தன்யூப் கரையில் ஒரு கோட்டையும் ஒரு பாலமும்



ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ற் நகரை முழுமையாகக் காண விரும்புவோர் கெல்லேர்ட் குன்றின்மீது ஏறுவது வழக்கம். மேற்கே குன்றுகள் நிறைந்த புடா; கிழக்கே சமவெளியான பெஸ்ற்; நடுவே தன்யூப் நதி. அக்கரையில் 96 மீற்றர் உயரக் கும்மட்டத்துடன் பாராளுமன்றம் தெரியும். இக்கரையில், சற்று வடக்கே, மீனவர் கொத்தளம். ஏழு கோபுரங்களுடன் மிகப் பழையதுபோலத் தோன்றினாலும், அது 1902 இல்தான் நிறைவுற்றது. பகைவரைத் தடுக்கவன்று, நின்று பார்த்து மகிழவே கட்டப்பட்டது.

ஆனால், நாம் நிற்கும் குன்றின் உச்சியிலுள்ள சிற்றடெல்லா கோட்டையின் கதை வேறு. 1848 இல் ஹங்கேரியர் ஒஸ்திரியாவின் ஹப்ஸ்பேர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு, ரஷ்யப் படைகளின் துணையுடன் அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது. அதன் பின்னரே ஒஸ்திரியர் இக்கோட்டையை எழுப்பினர். அரண் என்றால் உள்ளிருப்போரைக் காப்பது என்றுதான் நம் இலக்கியங்களில் படித்திருக்கிறோம். இந்த அரணின் பீரங்கிகளோ கீழேயுள்ள நகரையே நோக்கியிருந்தன! 1897 இல் படையினர் வெளியேறினர். பின்னர் மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்களைக் கண்காணிக்கத் தேர்ந்த இடமாதலால், அந்நகரைக் கண்டு களிக்கவும் அதைவிடச் சிறந்த இடம் அங்கில்லை.

எனினும், என் மனத்தைக் கவர்வது கோட்டையன்று. கீழே தெரியும் சங்கிலிப் பாலமே. 1820 டிசம்பரில் இஷ்ற்வான் செச்சேனி என்ற இளம் பிரபு, தந்தையின் மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்டார். அந்நாளில் அங்கிருந்தது படகுகளை இணைத்த மிதவைப் பாலம். குளிர்காலத்தில் அதைக் கழற்றி விடுவர். பனிக்கட்டி மிதக்கும் நதியைக் கடக்க முடியாமல் அவர் ஒரு வாரம் கரையிலே காத்திருந்தார். நிலையான பாலம் வேண்டுமென்று பின்னாளில் முன்னின்று உழைத்தவர் அவரே. அக்காலத்துப் பிரபுக்கள் வரி செலுத்துவதில்லை. ஆனால், பாலத்தைக் கடப்பவர் பிரபுவாயினும் கட்டணம் செலுத்த வேண்டுமென 1836 இல் சட்டமாயிற்று. பாலம் கட்டப்படுமுன்னரே நிகழ்ந்த இம்மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆங்கிலேயரான வில்லியம் ரியேர்னி கிளார்க் பாலத்தை வடிவமைத்தார்; ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் அடம் கிளார்க் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தார். 1849 நவம்பர் 20 ஆம் திகதி பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஒன்றரை மாதம் முன்னர்தான், ஒக்டோபர் 6 இல், புரட்சி அரசின் பிரதமர் பற்றியானி பெஸ்ற் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரது அமைச்சரவையில் இருந்த செச்சேனியோ மனமுடைந்து, வியன்னாவுக்கு அருகே டேப்ளிங் மனநோய் விடுதியில் இருந்தார். 1860 இல் அங்கேயே இறந்தார். தாம் கனவு கண்ட பாலத்தின்மீது, அது திறக்கப்பட்டபின் அவர் ஒரு தடவையேனும் நடக்கவில்லை.

1945 ஜனவரி 18 இல், புடாவுக்குப் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் அப்பாலத்தைத் தகர்த்தனர். கற்கோபுரங்களே எஞ்சின. ஹங்கேரியர் அதை மீளக் கட்டி, 1949 நவம்பர் 20 இல், நூறு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், மீண்டும் திறந்தனர்.